வலது ஓரத்துப் பல்லி

பயணத்துக்கு ஏற்ற கேமரா என்று ஒன்று சோதனைக்கு வந்தால் ஊட்டிக்கோ மூணாறுக்கோ கொண்டுபோவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். பனியும் தேயிலைத் தோட்டமும் சேர்ந்துகொண்டால் எந்த மட்டமான கேமராவும் நல்ல பெயர் வாங்கிவிடும். நான் ஒரகடத்துக்குக் கொண்டுபோனேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்காரி செல்வி சொன்னாள், போனேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஓர் இணைய இதழில் கேமராக்களைச் சோதித்து எழுதுகிறவன். இறக்குமதி செய்கிறவர்கள் ஒரு வாரத்துக்கு அனுப்பிவைப்பார்கள், எழுதி முடித்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இந்த முறை வந்தது சட்டைப்பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. ஓரிடத்தில் உட்கார முடியாத ஆள் நான், அது கையில் வந்ததிலிருந்து வீட்டில் உள்ள பல்பு, பாத்திரம், பூனை எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இங்கன இருந்து எங்கள உயிர வாங்காம எங்கயாவது போய்ப் படம் எடுங்களேன்" என்றாள் செல்வி. "எந்தம்பி இருக்க ஊருக்குப் போயிட்டு வாங்க. கொஞ்ச நாளா வீடியோ கால்ல மூஞ்சியவே காட்ட மாட்டேங்கான். பொண்ணு பாக்கணும்னா பேச்ச மாத்துதான். என்னன்னு பாத்துட்டு வாங்க."

தம்பி இசக்கிமுத்து ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறான். வர்ணம் பூசி வரும் பாகங்களில் கீறல், குமிழி, தூசி இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. கண்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. செல்வி ஒரு டப்பா நாரத்தங்காய் ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் கட்டிக் கொடுத்தாள்.

ஒரகடத்தில் இறங்கி கேமராவை வெளியே எடுத்ததுதான் தாமதம், ஷேர் ஆட்டோக்காரர் என்னை வளைத்துக்கொண்டார்.

"இன்னா சார், மனை பாக்க வந்தியா? வடக்குப்பட்டாண்ட நல்ல பிளாட்டு கீது. ரோட்டு மேலயே."

"இல்லீங்க, படம் எடுக்க வந்தேன்."

"அத்தான் நானும் சொல்றேன். கேமரா தூக்கினு வர்றவங்கோ அல்லாரும் மனைக்குத்தான் வர்றாங்கோ. வேற இன்னா கீது இங்க படம் புடிக்க?"

கேட்டதில் நியாயம் இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. மதிலுக்கு மேல் முள்கம்பி, மதிலுக்கு வெளியே எருமை. எங்கள் ஊரில் பள்ளிக்கூட மணி அடித்தால் நேரம் தெரியும். இங்கே பஸ் சொல்கிறது. ஷிஃப்ட் பஸ் வரிசையாக வந்தால் இட்லிக் கடை விழிக்கிறது, போனால் தூங்கிவிடுகிறது.

இசக்கி தங்கியிருக்கும் வடக்குப்பட்டில் நான் இறங்கியபோது அவன் வந்து நின்றான். பையை வாங்கும்போது என் தோளில் இடித்துக்கொண்டான். மாடிப்படியில் ஏறுகையில் நிலைப்படியில் அவனுடைய வலது தோள் மோதியது. "நைட் ஷிஃப்ட்டு அத்தான், தூக்கக் கலக்கம்" என்றான். தெருவில் நடக்கும்போதெல்லாம் சுற்றிவந்து என் வலப்பக்கம் நடந்தான். மரியாதைக்கு அப்படிச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அறையில் ஐந்து பேர். கட்டில்கள் காலியாவதே இல்லை, ஒருவன் எழுந்தால் அந்தச் சூட்டிலேயே இன்னொருவன் படுக்கிறான். மொட்டை மாடியில் பாதி கட்டி விட்ட அறை ஒன்று இருந்தது. பூசாத செங்கல் சுவர். பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். கேமரா சோதிக்கிறவனுக்குச் செங்கல் சுவர் என்பது டாக்டருக்கு நாக்கு மாதிரி. நேராக எதிரே நின்று ஒரு படம் எடுத்தால் போதும். நடுவில் உள்ள செங்கலும் ஓரத்தில் உள்ள செங்கலும் ஒரே தெளிவில் விழுந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ்.

எடுத்தேன். படத்தின் வலது ஓரத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லதாகப் போயிற்று. பல்லியின் கால்விரல் தெரிகிறதா என்று பெருக்கிப் பார்த்தேன். விரல் விரலாகத் தெரிந்தது.

துணி காயப்போட வந்த இரண்டு ஒடிசா பையன்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். இசக்கி மொழிபெயர்த்தான்: "வீட்டுக்காரன் இடிக்கப் போறான் போல, அதுக்குத்தான் சுவரப் படம் எடுக்காங்கன்னு பயப்படுதாவ." நான் பல்லியைக் காட்டினேன். அவர்கள் இன்னும் பயந்துபோனார்கள்.

சாயங்காலம் பரோட்டாக் கடை. பலகையில் 'நெல்லை' என்று போட்டிருந்தது, சால்னாவில் நெல்லை இல்லை. பக்கத்து மேசைப் பையன் ஒரு வாய் வைத்துவிட்டு "என்.ஜி. மச்சி" என்று தட்டைத் தள்ளினான். எனக்குப் புரியவில்லை. இசக்கி விளக்கினான். பார்த்த பாகம் நன்றாக இருந்தால் ஓகே, பச்சைப் பெட்டிக்குப் போகும். இல்லையென்றால் என்.ஜி., அதாவது 'நாட் குட்'. அதிலும் இரண்டு வகை. திருத்தினால் தேறும் என்றால் ரீவொர்க், மஞ்சள் பெட்டி. தேறவே தேறாது என்றால் ஸ்க்ராப், சிவப்புப் பெட்டி. பார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். இவனுடையது ஊதா. அந்த மார்க்கர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

"இந்த ஊருல எல்லாத்துக்கும் அதான் பேச்சு அத்தான். சாம்பாரு என்.ஜி., ரூமு என்.ஜி., சூப்பர்வைசரு ஸ்க்ராப்."

பொண்ணு விஷயத்தைக் கேட்டேன். "அதெல்லாம் பெர்மனன்ட் ஆகட்டும், பாப்போம்" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான்.

மறுநாள் காலையில் தூக்கம் பிடிக்காமல் எழுந்து ஒரகடம் சந்திப்பைப் படமெடுக்கலாம் என்று கிளம்பினேன். ஷேர் ஆட்டோ வரவில்லை. வெள்ளை நிறத்தில் பஸ் ஒன்று வந்து நின்றது, கதவு திறந்தது, ஏறிவிட்டேன். உள்ளே எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு தூக்கம். கண்டக்டரும் தூங்குகிறார் போல என்று நானும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சந்திப்பு வந்தது, போயிற்று. நான் கத்துவதற்குள் பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் கண்விழித்து இறங்கினார்கள். சீருடை இல்லாமல், கழுத்தில் கேமராவோடு நான் மட்டும்.

எந்தக் கம்பெனி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். செக்யூரிட்டிக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"யாரு சார் நீ? உள்ள எப்டி வந்த? இன்னா எட்த?"

"எதுவும் எடுக்கலீங்க. வேணும்னா நீங்களே பாருங்க" என்று கேமராவை இயக்கினேன். லென்ஸ் ஙொய்யென்று வெளியே வந்தது. அவர் அந்த ஊர் வழக்கப்படி, ஃபோன் கேமராவுக்கு ஒட்டுகிற சிவப்பு வட்ட ஸ்டிக்கரை எடுத்து நேராக லென்ஸ் கண்ணாடியின்மீது ஒட்டிக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டார்.

"கண்ணாடி மேல ஒட்டிட்டீங்களே!"

"பின்ன எங்க ஒட்றது? உன் நெத்தி மேலயா? வெளிய போயி எட்துக்கோ."

நைட் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிடப் போகும் பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவைத்தார். போகும்போது தேநீரும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊராக இருந்தால் முதலில் தேநீர், பிறகுதான் விசாரணை.

ஸ்டிக்கரை உரித்தேன், பசை உரியவில்லை. அன்று எடுத்த படமெல்லாம் கஞ்சிக்குள் விழுந்ததுபோல இருந்தது. மாலையில் இசக்கி எழுந்ததும் காட்டினேன். அவன் சட்டைப்பையிலிருந்து வேலைக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பார்த்தான். அவர்கள் பழக்கம் அப்படி. பொருளை நடுவில் வைத்து, கண்ணை அசைக்காமல், மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். கண் அலைந்தால் நேரம் போய்விடும், லைன் காத்திருக்காது.

"என்.ஜி. அத்தான். ரீவொர்க்கு" என்றான்.

மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவம் வாங்கிவந்து, மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்துப் பசையை எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கேமரா என்னுடையதில்லை, அந்தப் பதைப்பு ஒரு பக்கம். அவன் மறுபடி ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிறு அவனுக்கு விடுமுறை. காலையில் நல்ல வெயில். மாடிக்குப் போனேன், அதே சுவர், அதே இடத்தில் அதே பல்லி. முனிசிபாலிட்டி வேலைக்காரர்கூட இவ்வளவு நேரம் தவறாமல் வரமாட்டார். படம் எடுத்துப் பெருக்கினேன். விரல் விரலாகத் தெரிந்தது. அப்பாடா என்று இசக்கியிடம் நீட்டினேன்.

"ஒரு ஊதாப் புள்ளி வைப்பா. ஓகே பீஸ்."

அவன் கண்ணாடியை வைத்துப் பார்த்தான். "எங்க அத்தான் ஓகே? வலது ஓரம் அப்படியே இருட்டிக்கிட்டு இருக்கு. என்.ஜி."

எனக்குப் பதறிவிட்டது. நான் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அவனோ நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிறவன். என் கண்ணில்தான் கோளாறோ? நான்கு முறை எடுத்தேன். சுவரின் பக்கத்தில், தள்ளி, வெயிலில், நிழலில். ஒவ்வொன்றுக்கும் அவன் சொன்னது ஒன்றுதான்: வலது ஓரம் என்.ஜி. ஸ்டிக்கர் ஒட்டி அழுத்தியதில் லென்ஸே கோணலாகிவிட்டது என்று முடிவுகட்டி, இறக்குமதிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

நடந்துகொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று, காலையில் முதலில் எடுத்த படத்தைத் திரையில் வைத்து, கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அவன் கையில் கொடுத்தேன். படம் அதேதான், மேல் கீழாக இருக்கிறது, அவ்வளவுதான். படத்தில் கோளாறு என்றால் வலது ஓரத்து மங்கல் இப்போது இடது ஓரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

"இப்பச் சொல்லு."

"இப்பமும் வலதுதான் அத்தான்" என்றான். பிறகு, "ஏ, இடப்பக்கம் ஒரு பல்லி இருக்கு! இது எப்பம் வந்துச்சு?"

பல்லி வரவில்லை, அங்கேயேதான் இருந்தது. அவன் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தான். கேமராவை நேராகத் திருப்பினான். மறுபடி தலைகீழாக்கினான். தோள் இடித்தது, நிலைப்படி, என்னைத் தன் வலப்பக்கம் வரவிடாமல் நடந்தது, எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"எவ்வளவு நாளா இசக்கி?"

அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். "தெரியும் அத்தான். முதல்ல மின்னல் மாதிரி வெட்டிச்சு. அப்புறம் ஓரத்துல திரை விழுந்தாப்புல. ஒரு மாசம் இருக்கும். இன்னைக்கு இம்புட்டு இருக்கும்னு தெரியாது."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"யாருகிட்ட சொல்ல? இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்து தூக்கிருவாவ. ட்ரெயினிங் முடிஞ்சு பெர்மனன்ட் ஆகுற நேரம். அக்கா பாத்தா கண்டுபிடிச்சிருவான்னுதான் வீடியோல வரல. எடது கண்ணு ஓகேதான், லைன்ல அத வச்சு சமாளிச்சுக்கிடுதேன். இங்க பழக்கத்துல வலது கண்ண வச்சுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. பயம் அதைவிட அதிகம், அதனால் சத்தம் போட்டேன். அறிவிருக்கா, கண்ணு போனா பெர்மனன்ட் எதுக்கு, நாக்கு வழிக்கவா என்றெல்லாம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு "பாத்துக்கிடலாம் அத்தான்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். ஒடிசாப் பையன்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டை இடிக்கப் போவது உறுதி என்று நினைத்திருப்பார்கள்.

கத்தி ஓய்ந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் லைன்ல ஒவ்வொரு பீஸ்லயும் ஒரே இடத்துல கீறல் வந்தா என்ன செய்வ?"

"லைன நிறுத்துவேன்."

"சூப்பர்வைசர் திட்டுவானே?"

"திட்டத்தான் செய்வான். அதுக்காக? வந்துகிட்டே இருக்குன்னா நிறுத்தித்தான ஆவணும்."

சொல்லி முடித்தவன் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து சட்டையை மாற்றப் போனான்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயில் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் கண் டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார். கம்பெனி ஆட்களுக்கு அன்றுதான் ஓய்வு என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறார். காத்திருக்கும் நேரத்தில் கடைக்காரர் தொன்னையில் கோயில் புளியோதரை கொடுத்தார். இசக்கி சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த எழுத்து அட்டையை முன்னும் பின்னும் நடந்து படமெடுத்துக்கொண்டிருந்தேன். "சார், கொஞ்சம் உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது" என்றார் கடைக்காரர்.

டாக்டர் சொட்டுமருந்து விட்டு, விளக்கு வைத்து, வெகுநேரம் பார்த்தார். முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சுவத்துல இருந்து சுண்ணாம்பு பெயர்ற மாதிரி கண்ணுக்குள்ள விழித்திரை பெயர்ந்துகிட்டு வருது. நடுப்பகுதிக்கு இன்னும் வரல. அதுவரைக்கும் வந்துட்டா பார்வை திரும்பறது கஷ்டம். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வரோம்னு சொல்லாதீங்க. இங்கேர்ந்து நேரா சென்னைக்குப் போங்க, நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். வண்டி குலுங்காம போங்க."

இசக்கி கேட்டான்: "டாக்டர், ரீவொர்க்கா, ஸ்க்ராப்பா?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. அந்த ஊரில் இருக்கிற டாக்டர் இல்லையா?

"ரீவொர்க்தான்பா. இன்னிக்கே போனா."

குலுங்காமல் போங்கள் என்று அந்தச் சாலையில் சொல்வது சுலபம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எங்கள் வாடகை வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், பிரசவமா?" என்றார். இசக்கி சிரித்தான். அன்று அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். கைபிடித்துப் பழக்கமில்லாத மச்சினன், சென்னை வரும்வரை விடவில்லை.

ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது சட்டைப்பையிலிருந்த ஊதா மார்க்கரை எடுத்து என்னிடம் கொடுத்தான். "வச்சுக்கிடுங்க அத்தான். தொலச்சிராதிய." செல்வி ஊரிலிருந்து வந்து இறங்கினாள். தம்பியைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினாள். முதல் நாளே கண்டுபிடிக்காமல் கூடவே இருந்து பரோட்டா தின்றிருக்கிறேனாம். காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டு வருவதாக அங்கேயே வேண்டிக்கொண்டாள். தங்கத்துக்குப் போவானேன், வடக்குப்பட்டுச் செங்கல் பல்லிக்கே ஒரு கும்பிடு போட்டால் போதாதா என்றேன். முறைத்தாள்.

கேமராவைக் குறித்த நாளில் திருப்பி அனுப்பிவிட்டேன். 'ஓரம் வரை தெளிவு' என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். அதற்கு நான் வைத்த சோதனை என்னவென்று எழுதவில்லை. செங்கல் சுவர்ப் படத்தை மட்டும் பெரிதாக அச்சுப்போட்டு வைத்துக்கொண்டேன்.

இசக்கி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். டாக்டர் சொன்னபடி பல நாள் குப்புறப் படுத்தே கிடந்தான், நாரத்தங்காய் ஊறுகாயைக்கூடக் குனிந்தபடியேதான் தின்றான். கம்பெனியில் கேட்டதற்கு, டாக்டர் சீட்டோடு வா, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் 'பார்க்கலாம்' என்னை இன்றைக்கும் தூங்கவிடுவதில்லை. அவனையும்தான்.

டாக்டர் இனிமேல் வாசிக்கலாம் என்று சொன்ன அன்று, அந்த அச்சுப் படத்தைக் கொண்டுபோய் நேராக மேசைமேல் வைத்தேன். செல்வி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தான். இடது கண்ணை மூடினான். படத்தின் நடுவில் வலது கண்ணை நிறுத்தினான், அசைக்கவில்லை. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"வலது ஓரத்துல பல்லி இருக்கு அத்தான்" என்றான். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். "வால் அறுந்து, புதுசா குட்டையா முளைச்சிக்கிட்டு இருக்கு. நீங்க கவனிக்கலியா?"

கவனிக்கவில்லை. இத்தனை முறை பெருக்கிப் பார்த்தும் நான் கால்விரலைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ரீவொர்க் பீஸு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். மார்க்கரைக் கொடுத்தேன். பல்லிக்குப் பக்கத்தில் ஊதாவில் ஒரு புள்ளி வைத்தான்.